ஆயிரத்து அறுபத்தொன்றில் நின்ற உயரம்

அந்த வாட்ச் மேல எனக்கு இருந்த நம்பிக்கை, சொன்னா வெக்கக்கேடு, என் பொண்டாட்டி பேச்சு மேல இருந்ததில்லை. ஓடுறவங்க கட்டுற ஜிபிஎஸ் வாட்ச் அது. சாட்டிலைட்டை மட்டும் நம்பினா மலையில உயரம் கன்னாபின்னான்னு தப்பும். அதனால வாட்ச்சோட ஓரத்துல ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அது வழியா காத்தழுத்தத்தைப் பார்த்து உயரம் சொல்லும். மழை வந்தா அதுவும் தப்பும். அதுக்கு நான் ஒரு வழி வச்சிருந்தேன். தினம் காலையில எஸ்டேட் ஃபேக்டரி வாசல்ல நின்னு, சுவத்துல பெயின்ட்ல எழுதியிருக்கிற தொள்ளாயிரத்து எழுபது மீட்டரை வாட்ச்சுல வச்சுட்டுத்தான் கிளம்புவேன்.

பீர்மேட்டுப் பக்கம் எங்க லயம், எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீடு. ஃபேக்டரியிலேருந்து மேல சிலுவை நிக்கிற குருசடி வரைக்கும் ஏறிட்டு, அதே வழியில இறங்குவேன். இறங்கும்போது ஆயிரத்து நாப்பதுல இடது கைப்பக்கம் தேயிலைக்குள்ள லயத்துக்குப் பாதை பிரியும். அதை விட்டுட்டு நேரே போனா பழைய ரோடு. முந்தின வருச மழையில அது பாதியோட இடிஞ்சு பள்ளத்துல போயிருச்சு. அந்த நேரம் அதுல நடந்து வந்தவர் என் மாமனார். உடம்புகூடக் கிடைக்கலை.

"மூடுபனியில பாதை பிரியிற அந்த முனையைத் தவற விட்டீங்கன்னா?" என்பா என் மனைவி.

"வாட்ச் எதுக்கு இருக்கு? சும்மா கெட." அவ வாயை அப்படியே அடைச்சிருவேன்.

மழைக்காலத்துல அட்டைக்கடி தாங்காது. புகையிலைத் தூளையும் உப்பையும் சோப்பையும் குழைச்சுக் கால்ல பூசிக்கிறதுதான் எங்க வைத்தியம். ஒரு நாள் என் மணிக்கட்டுல அட்டை கடிச்ச ரத்தத்தைப் பார்த்தவ, மறுநாள் காலையில கையிலயும் பூசிவிட்டா. வாட்ச்சைச் சுத்தியும் பூசினா. நானும் நல்லதுன்னு நீட்டிக்கிட்டு நின்னேன்.

குருசடியிலேருந்து திரும்பும்போது பனி இறங்கிருச்சு. நீட்டின கை தெரியலை. வாட்ச் வெளிச்சம் மட்டும்தான். ஆயிரத்து அறுபத்தொண்ணு. முனைக்கு இன்னும் இருபது மீட்டர் இறங்கணும். ஓடினேன். ஆயிரத்து அறுபத்தொண்ணு. இன்னும் ஓடினேன். அதேதான். முட்டி ரெண்டும் இறக்கம் இறக்கம்னு கதறுது, வாட்ச் இல்லைங்குது. எனக்குக் கோபம்தான் வந்தது. முட்டிக்கு என்ன தெரியும்?

காலுக்கடியில தார் போய் புல்லு மெத்து மெத்துனு இருந்தது. ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. அப்போ எட்டு மணிச் சங்கு ஊதிச்சு. எனக்குக் கீழே ஊத வேண்டிய ஃபேக்டரிச் சங்கு, என் தலைக்கு மேலேருந்து ஊதிச்சு.

ஆத்தாடி! அப்படியே நின்னுட்டேன். காலால ஒரு கல்லைத் தள்ளினேன். விழுந்த சத்தமே கேக்கலை. கூடவே பக்குனு புகையிலை வாசம். என் மாமனார் பக்கத்துல வந்தா அடிக்கிற அதே வாசம். அது என் மணிக்கட்டுலேருந்துதான் வந்ததுன்னு புரியவே நேரமாச்சு. மருந்து காஞ்சு துளையை அடைச்சிருந்தது. மண்டிபோட்டு, தரையைத் தடவித் தடவித் திரும்பி வந்தேன்.

வீட்டுல அவ ஊசியால துளையைக் குத்தினா. உயரம் சரசரன்னு மாறிச்சு. அப்புறம் போன் மேப்புல நான் ஓடின கோட்டைப் பார்த்தா. ரோடு முடிஞ்ச இடத்தைத் தாண்டி, வெறும் பள்ளத்து மேல அந்தக் கோடு ஒரு சுத்து சுத்தித் திரும்பியிருந்தது.

"சாட்டிலைட் தப்பு புள்ள" என்றேன். அவ விரலை அங்கேருந்து எடுக்கலை.

மறுநாளும் பனி. ஓட வேண்டாம்னு அவ சொல்லலை. முனையில போய் நின்னுக்கிட்டு, "ஏங்க, இந்தப் பக்கம்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. வாட்ச்சைப் பார்க்காம அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்து, அவ தோளைத் தொட்டேன். அவ என் கையை இறுக்கிப் பிடிச்சா. பிடிச்ச பிறகும் பழைய ரோட்டுப் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை கூப்பிட்டா.

"அப்பா, இந்தப் பக்கம்."