மச்சான் சுவரில் என் கடன்

அன்றைக்கு நுகர்வோர் கோர்ட்டில் இருந்தவர்கள்: ஜட்ஜம்மா. வீட்டுக்கடன் கம்பெனியின் வக்கீல். எங்கள் வக்கீல். நான். என் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். வழக்கு என்னுடையது. சாட்சி அவர்.

பேகம்பூரில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. மாடிக்குத் தளம் போட என் வீட்டை வைத்துக் கடன் வாங்கினேன். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை இல்லாமல் இரண்டு தவணை நின்றது. கம்பெனியின் வசூல் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நான் வீட்டில் இல்லை. சிவப்பு பெயிண்டில் முழ உயர எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். ‘இந்த வீடு அடமானத்தில் உள்ளது. கடன் கட்டவில்லை.’

எழுதியது மச்சான் வீட்டுச் சுவரில்.

அந்த வாரம்தான் அவர் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சுவரைப் படித்தார்கள். வேனை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். மச்சான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார். எங்கள் வக்கீல் தடுத்தார். தீர்ப்பு வரும்வரை எழுத்து இருக்கட்டும், அதுதான் ஆதாரம் என்றார். பல மாதம் இருந்தது.

“மச்சான், ஒங்க கடனுக்கு நான்ல காவல் காக்குறேன்” என்பார் அவர். அவருக்கு நானும் மச்சான்தான்.

“சம்பளம் வேணா தாரேன்” என்பேன்.

“அதையும் தவணையிலதான தருவீங்க.”

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் எழுந்தார். “சும்மா தகவலுக்காக எழுதினதுங்க. எல்லாம் சொந்தக்காரங்க. ஒரே குடும்பம்தான்.”

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, வாசல் ரெண்டு. அடுப்பு ரெண்டு. கரண்டு பில்லு ரெண்டு. பெருநாளைக்கு ஒரு சட்டி பிரியாணி குடுத்துவிடுவாங்க. கடனையுமா குடுத்துவிடுவாங்க?”

ஜட்ஜம்மா ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு கம்பெனி வக்கீலிடம் கேட்டார். “கடன்காரர் சுவராவே இருக்கட்டும். எழுத யார் உரிமை குடுத்தா?”

வக்கீல் பேப்பரைப் புரட்டினார்.

தீர்ப்பு வந்தது. நின்ற தவணையை நான் கட்ட வேண்டும். அது நியாயம். கம்பெனி தன் செலவில் சுவருக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும். இனி வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது.

எழுதிய அதே இரண்டு பேர் டப்பாவோடு வந்தார்கள். எழுத்தின் மேல் மட்டும் அடித்தார்கள்.

“ஏலே அப்பு, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கு. முழுசா அடிங்க” என்றார் மச்சான். அடித்தார்கள். டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வடமதுரையிலிருந்து வேறு ஆட்கள் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். மச்சான் வாசலில் நின்று தலையை எண்ணினார். சோறு எத்தனை பேருக்கு என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

“பதினேழு.”