காரைக்கால்மேட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வசூல் போனேன்

வசூலுக்குப் போகிறவன், கேட்டு முடித்த பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். அந்த அரை நிமிடத்தில்தான் காசு வரும், இல்லை நாய் வரும். கோயிலுக்கோ கிரிக்கெட் டீமுக்கோ ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையாவது அலைந்திருந்தால் உங்களுக்கே இது தெரியும். அந்த அரை நிமிடத்தில் நாமும் எதிர்வீட்டுக் கோலத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது.

நான் ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட். பத்தாவது தாண்டவில்லை, மிச்சப் படிப்பு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததுதான். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகெல்லாம் இரண்டு மாதம் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடமும் அப்போதுதான் கோடை விடுமுறை விடும். மதியச் சாப்பாடும் அதோடு நின்றுபோகும். படகு வைத்திருப்பவர் வீடு எப்படியோ ஓடிவிடும். பிடிக்கிற மீனில் பங்குக்குப் படகில் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள் வரக்காப்பியைக் குடித்துவிட்டுத் தெருவில் நிற்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் காரைக்கால்மேட்டுச் சமுதாயக் கூடத்தில் தினமும் காலைச் சாப்பாடு போடுவது என்று நாங்கள் நாலு பேர் ஆரம்பித்தோம். நாலு பேரில் பகலில் தூக்கம் வராதவன் நான் ஒருவன். வசூல் என் தலையில் விழுந்தது.

பாரீஸில் விடியவில்லை

தலத்தெருவில் ஒரு பெரியவர். பிரெஞ்சு பென்ஷன். பிள்ளைகள் பசி என்று நான் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எதற்கும் மகனை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று போனை எடுத்தார். மகன் பாரீஸில். இங்கே காலை எட்டரை. மகன் எடுக்கவில்லை, அங்கே இன்னும் விடியவில்லையாம். மதியம் போனேன். மகன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். சாயங்காலம் போனேன். மகன் மீட்டிங்கில்.

மூன்று தடவையும் மோர் மட்டும் தவறாமல் வந்தது. மூன்றாவது டம்ளரைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "கோச்சுக்காதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை அவனுக்கு லீவு. அதுவரைக்கும் புள்ளைங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

பெயர் வேண்டாம்

மளிகைக்கடை பாயிடம் போனபோது கடையில் நல்ல கூட்டம். நான் பாதி சொல்வதற்குள் ஆளைக் கூப்பிட்டு அரிசி மூட்டை ஒன்றை என் சைக்கிள் கேரியரில் ஏற்றிவிட்டார். வசூலுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும், இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் நமக்குத்தான் பயமாக இருக்கும். ரசீதை எடுத்து, பெயர் எழுதிக் கூடத்தின் வாசலில் ஒட்டுவோம் பாய் என்றேன்.

அவர் எடைக்கல்லைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். "தம்பி, இது சதக்கா, அல்லாவுக்காகக் குடுக்கிறது. பேரு போடாதீங்க. போட்டீங்கன்னா நாளைக்கு ஒம்பது ரசீதுப் புத்தகம் என் கடை வாசல்ல நிக்கும்."

சனிக்கிழமை எங்களுக்கு

சுரக்குடிக்குப் போனது அரிசிக்காக. அங்கே ஒரு விவசாயி. சொந்த நிலம், நல்ல மனிதர். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிற கவலை. திருநள்ளாறு பக்கத்தில் இருப்பதால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சனீஸ்வரன் கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மகளுக்கு ஏழரைச் சனி நடப்பதாக ஜோசியர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் அன்னதானம் செய்தால் நல்லதாம். நான் போய் நின்றதும் சாமியே அனுப்பிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சனிக்கிழமைச் சாப்பாடு முழுவதும் அவர் பொறுப்பு. எள் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம், வண்டி வைத்து வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுவார். நான் யோசிக்கவே இல்லை. வாரத்தில் ஒரு நாள் கவலை விட்டது என்று தலையாட்டினேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். "எங்க பொண்ணுக்கு ஏழரை முடியுற வரைக்கும் உங்க புள்ளைங்களுக்குச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் குறை வராதுங்க."

மிஞ்சிய பொங்கல்

சுரக்குடிக்காரர் சொன்னபடி சனிக்கிழமை வந்தார், மகளோடு. கூடத்து வாசலில் மகளை நிற்க வைத்து, ஒரு கைப்பிடி எள் சாதத்தை அவள் தலையை மூன்று முறை சுற்றிக் காக்கைக்கு வைத்தார். அப்புறம் அதே பாத்திரத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பரிமாறினார். எதிரில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் பார்த்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். நான் அப்பளம் எல்லோருக்கும் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஒன்பது மணி வரைக்கும் பொங்கல் அண்டாவோடு நானும் சமையல் செய்கிற தனமும் உட்கார்ந்திருந்தோம். தனம் அந்தத் தெருக்காரிதான். என் முகத்தைப் பார்க்காமல் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து, தினமும் பிள்ளைகளை முதலில் அனுப்புகிற செல்வி வீட்டுக்குப் போனேன். மூன்று பிள்ளைகள், புருஷன் படகில் பங்குக்குப் போகிறவர். பெரியவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். தலையை இல்லை என்று ஆட்டினாள். செல்வி அவளை உள்ளே இழுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"தடை முடிஞ்சா எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போறவருண்ணே. அடுத்தவங்க சனியைக் கழிச்ச சோத்தைப் புள்ளைங்க வாங்கித் தின்னா, அவரு எப்புடிக் கரை சேருவாரு? பசிச்சா பசிக்கட்டும்."

விட்டுப்போன தெரு

சுரக்குடிக்காரருக்குப் போன் செய்தேன். சுற்றாமல், கழிக்காமல், வெறும் அரிசியாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அப்படிக் கொடுத்தால் மகளுக்குப் பலன் சேராதே, கோயில் வாசலிலேயே கொடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமையும் பிள்ளைகள் வரவில்லை. உலையே வைக்கவில்லை.

அன்றுதான் தனம் வாயைத் திறந்தாள். "காரைக்கால் பூரா கேட்டீங்க. எங்க தெருவுல ஒரு வூட்டுல கேட்டீங்களா? கோயிலுக்கு வரி, கருமாதிக்கு வரி, ஒரு தலைக்கட்டு வூட்டுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டுத்தான் இங்க எல்லாரும் பந்தியில உக்காருவாங்க. எங்ககிட்ட வரி வாங்காத சோறு யாரு வூட்டுச் சோறுன்னு யாருக்குத் தெரியும்?"

முழு டம்ளர்

பசிக்கிற வீட்டில் போய்ப் பசிக்காகக் கேட்பது எப்படி இருக்கும் என்று வசூல்காரர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். முதல் வீட்டு வாசலில் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். தனம்தான் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "வரிக்கு வந்திருக்காங்க" என்று கத்தினாள். அதற்கப்புறம் சிரமமில்லை. ஒரு வீட்டில் கட்டு விறகு. ஒரு வீட்டில் இரண்டு தேங்காய். ஒன்றுமில்லாத வீட்டில், காலையில் தண்ணீர் தூக்கிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதையும் ரசீதில் எழுதினேன்.

செல்வி வீட்டு வாசலில் நின்றோம். அவள் உள்ளே போனாள். அரிசி டின்னின் அடியை டம்ளர் சுரண்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எனக்குக் காது வேறு பக்கம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு டம்ளர் அரிசியோடு வந்தாள். அரை டம்ளர் போதும்மா என்றேன். அவள் முறைத்தாள். "வரியில என்னண்ணே பாதி? முழு டம்ளர்னு எழுதுங்க. அவரு பேரு வேணாம், என் பேரைப் போடுங்க."

உப்பு

மறுநாள் காலை பொங்கல் இறக்கி வைத்தாயிற்று. பிள்ளைகள் தட்டோடு வந்துவிட்டன, ஆனால் படியேறவில்லை. அம்மாக்கள் வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள். யார் முதலில் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி தன் மூன்று பிள்ளைகளையும் வாசலில் விட்டுவிட்டு ஒற்றை ஆளாக உள்ளே வந்தாள். கரண்டியை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் பொங்கல் போட்டு வாயில் வைத்தாள். நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த அரை நிமிடத்துக்கு என் பழக்கம் ஒன்றும் உதவவில்லை.

அவள் முகத்தைச் சுளித்தாள். "என்ன தனக்கா, உப்பே பத்தலை? எங்க வூட்டு அரிசியும் இதுலதான கெடக்கு, கேக்கக்கூடாதா? சட்டுனு போட்டுக் கிண்டுங்க, புள்ளைங்க நிக்குது."

கொடுத்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போனால் வசூல்காரன் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், உப்புப் பார்க்க உள்ளே வந்துவிட்டால் மறுநாளும் நேரத்துக்கு உலை வைத்தாக வேண்டும்.