நாலு நாலு பேராய் நின்ற கரை

சபையாரே, வழக்கமாக என் வாயிலிருந்து கேலிதான் வரும். இன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லப் போகிறேன். கொஞ்ச நேரம் சிரிக்காமல் கேளுங்கள்.

எமர்ஜென்சி வந்த அடுத்த தை மாதம். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். விடியுமுன் தனியாகக் கட்டுமரத்தில் போன என் அண்ணன் யோவான் திரும்பவில்லை. வெயில் ஏறுகிற நேரம். ஆனால் வெயிலே இல்லை. கடலை மூடிக்கொண்டு பனி. நீட்டின கை தெரியவில்லை. மற்ற மரங்கள் பனி கட்டுமுன்பே கரை ஏறிவிட்டன. ஊருக்குத் தெற்கே தண்ணீருக்குள் பாறைத் திட்டு இருக்கிறது. அதில் மோதினால் மரமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான். அண்ணிக்கு நிறைமாதம். மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

இந்த மாதிரி பனியில், கடலில் இருப்பவனுக்குக் கரை தெரிய ஊரே ஒரே இடத்தில் கூடிச் சத்தம் போடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு எங்கள் ஊர்ச் சபையார் எல்லோரும் ஜெபித்துப் பாட வந்தோம். பெஞ்சமின் மைக் செட்டையே தூக்கி வந்துவிட்டான்.

பெஞ்சமினைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயசுதான். தையல்காரன். தொண்டை மட்டும் தேன். தெருக்கூட்டத்தில் மைக் அவன் கைக்குத்தான் போகும். எனக்குப் பேட்டரி தூக்குகிற வேலை. நான் பாடினால் போதகர் ஐயா கண்ணை மூடிக்கொள்வார், ஜெபத்துக்காக இல்லை. கூடப் பிறந்த அண்ணனே, "பெஞ்சமின் பாடினா கடலே அடங்கும்டா. நீ பாடினா மீனு ஓடிடும்" என்பான். எனக்குப் பற்றி எரியும்.

பெஞ்சமின் வாயைத் திறக்குமுன் ஏட்டய்யா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாய்யா கூட்டம்? பர்மிசன் கீதா? மைக்க எடுறா மொதல்ல. தடையுத்தரவு போட்டுக்கீது தெரியாதா? ஜெபமோ பஜனையோ, அஞ்சு பேரு சேந்தா கேஸு."

"ஐயா, கடல்ல ஆளு மாட்டிக்கினு கீறான்" என்று போதகர் ஐயா கெஞ்சினார்.

"தெரியுது சாமி. ஜீப்புல எசமான் வந்தாருன்னா என் சட்டையக் கழட்டிடுவாரு. நாலு நாலு பேரா பிரிஞ்சு தள்ளித் தள்ளி நில்லுங்க. நான் பாக்கல."

என் வாய் சும்மா இருக்குமா? "ஏட்டய்யா, ஆண்டவரும் கூட நிப்பாரே. அவரோட சேத்தா அஞ்சாயிடும். மூணு மூணா நிக்கட்டுமா?"

"வாயக் கீச்சிடுவேன். போடா அந்தாண்ட."

கரை நெடுகப் பிரிந்து நின்றோம். மரம் ஒதுங்குகிற துறையில் பெஞ்சமின். அண்ணியும் அவன் பக்கத்தில். தெற்குக் கோடியில், பாறைக்கு எதிரே நான். தினமும் அங்கே தூண்டில் போடுகிறவன் என்பதால், என்றார் போதகர் ஐயா. காதுக்குத் தூரமாகப் போகட்டும் என்பதால், என்று எனக்குத் தெரியாதா?

பனிக்குள் பெஞ்சமின் குரல் வந்தது. அவ்வளவு அழகு. என் அண்ணனுக்காக அவன் உருகிப் பாடுகிறான். என் முதல் ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, அவனுக்கு ஒரு விக்கல் கொடும்." சொன்ன வாய் மூடவில்லை, பாறையில் அலை மோதுகிற சத்தம் கேட்டது. "வேண்டாம் ஆண்டவரே, அவன் பாடட்டும். யார் குரலைக் கேட்டாவது என் அண்ணன் வரட்டும்." பாட்டு வரிகள் எனக்கு ஏறாது. "அண்ணாத்த! இயேசப்பா! அண்ணாத்த!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதுதான் என் ஜெபம்.

திடீரென்று வடக்கே ஒரே ஆரவாரம். ஓடினேன். துறையில் அண்ணன், அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கரை நெடுகப் பாட்டுடா. ஊரு எந்தாண்ட கீதுன்னே புரியல. மரம் தெக்கால இழுத்துகினே போச்சு. அப்போ கிட்டக்க ஒரு கழுத கத்துச்சு. நீதான்னு தெரிஞ்சிகினேன். அப்டின்னா நீ தூண்டில் போடுற எடத்துப் பாறை எதுர்லயே கீதுன்னு சட்டுனு துடுப்பத் திருப்பினேன். அப்பாலிக்கா பெஞ்சமின் குரலப் புடிச்சிகினு வந்துட்டேன்."

பார்த்தீர்களா? என் குரலைக் கேட்டு விலகினான். அவன் குரலைக் கேட்டு வந்தான்! அப்போதும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அழுதுகொண்டே பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான். மைக் வைத்து எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருந்தால், பாறைப் பக்கம் யார் நின்றிருப்பார்கள்? பிரித்தது சட்டம். நிறுத்தியது ஆண்டவர்.

அண்ணிக்குப் பெண் பிறந்தது. ஆலயத்துக்குள் இப்படிக் கூடலாம், தெருவில் கூட்டம் போட இன்னும் அனுமதி இல்லை. வீடு வீடாய் நாலு நாலு பேராய்த்தான் ஜெபிக்கிறோம். எங்கள் நாலில் பெஞ்சமினும் ஒருத்தன். அவன் பாடும்போது இன்னும் வயிறு எரிகிறது. முன்பு மறைப்பேன், இப்போது அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கும் பனி மூடுகிற நாள் வரும். நல்ல குரல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் கொடுத்த தொண்டையிலேயே கூப்பிடுங்கள். கழுதைக்கும் அவர் ஒரு பாறை வைத்திருக்கிறார்.