சொக்கம்மாளின் வரப்பைத் தின்ற அருவி

உத்திரமேரூருக்குத் தெற்கே, செய்யாற்றில் சேரும் ஓடை ஒன்றின் கரையில் சொக்கம்மாளுக்கு நிலம். கணவர் ராஜாராம் இறந்த பிறகு நெல்லும் வேர்க்கடலையும் தனியாளாகவே போட்டு வந்தாள். யாரையும் எளிதில் நம்பாதவள்.

மழைக்காலத்தில் அந்த ஓடையில் ஆள் உயரத்துக்கு ஓர் அருவி விழும். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அது ஆற்றோரம் இருந்தது. இப்போது அவள் வரப்பை ஒட்டி வந்துவிட்டது. அருவி தானாக நடந்தா வரும்? யாரோ வெட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினாள். யாரோ என்ன, எதிர்க்கரைக் கன்னியப்பன்தான். அவனிடம் டிராக்டர் இருந்தது. அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவான். அது போதாதா?

ஓடைக்குள் டயர் தடம் தேடினாள். இல்லை. அழித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். கரையில் முள் வெட்டிப் போட்டாள். அடுத்த மழைக்கு முள்ளையும் காணோம், வரப்பில் ஒரு துண்டையும் காணோம்.

ஓர் ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, கடப்பாரை பட்ட தடயம் பார்க்க அருவிக்கு அடியில் இறங்கினாள். மேலே பாறைபோல் இறுகிய செம்மண். அதற்குக் கீழே வெறும் மணல். விழுந்த தண்ணீர் சுழன்று சுழன்று மணலைக் கரைத்து, ஒருவர் குனிந்து நுழையும் அளவுக்குக் குடைந்திருந்தது. மேல்தட்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. எந்தத் தடயமும் இல்லை. கை வைத்த இடத்தில் மணல் தானாகச் சரிந்தது.

மேலிருந்து கன்னியப்பன் கத்தினான். "இன்னாமே, பள்ளத்துல எறங்கி இன்னா பண்ணிக்கினு கீற? நீதான் நோண்டுறியா? என் கரையும்தான் போய்க்கினு கீது!"

அவனும் இத்தனை நாள் தன்னைத்தான் சந்தேகப்பட்டானா? அதை யோசிக்க நேரமில்லை. அவன் நின்றது அந்தத் தட்டின்மேல்.

"யோவ், அங்க நிக்காத! அடியில வெறும் பொந்தா கீது. பின்னால போ!"

"என்ன வெரட்டிட்டு எத்த மறைக்கப் பாக்குற?" என்று அவன் முன்னால் வந்தான்.

சொக்கம்மாள் பக்கவாட்டில் பாய்ந்தாள். தட்டு அவனோடு உடைந்து விழுந்தது. இடுப்புவரை மண்ணில் புதைந்தவனைக் கையாலேயே மண்ணைத் தோண்டி வெளியே இழுத்தாள். கணுக்கால் பிசகியிருந்தது.

வலியோடு அவன் அண்ணாந்து பார்த்தான். அருவியின் விளிம்பு ஒரு வண்டி நீளம் பின்னால் போயிருந்தது.

"தண்ணியா இத்தினி நாளா வெட்டிக்கினு இருந்துச்சி?"

"மேல கெட்டி, கீழ பொலபொலன்னு கீது. அடி கரைஞ்சா மேல உழுந்துடுது," என்றாள்.

கோடையில் இருவரும் ஆள் வைத்து, தண்ணீர் விழும் இடத்தில் கருங்கல் அடுக்கினார்கள். முதல் மழையில் சில கற்கள் உருண்டன. பெரிய கற்களாகப் பார்த்து மறுபடி போட்டார்கள். அந்த ஆண்டு அருவி நகரவில்லை.