மூன்றாவது பாட்டு முடியும் வரை

2019 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். மேல்தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பால் வாங்கி வந்து, காப்பி குடித்து, பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்துவிடுவேன். 6.15க்கு அம்மாவுக்கு வெறும் வயிற்று மாத்திரை. 8.40க்குப் பேருந்து. 9.25க்குத் தல்லாகுளத்தில் அலுவலக நாற்காலி. மதியம் தயிர்ச்சோறு, எலுமிச்சை ஊறுகாய். மாலை 5.50க்குத் தெருமுனையில் இறங்கினேன். அன்றைய நாட்குறிப்பு இதுவரை மற்ற நாட்களைப் போலத்தான் இருக்கிறது. அடுத்த வரி இது: "தியேட்டர் குழாயை இறக்கிவிட்டார்கள்."

குழாய் என்றது எங்கள் தெருமுனைத் தியேட்டரின் மொட்டை மாடியில் இருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அதில் மூன்று சாமி பாட்டுப் போடுவார்கள். முதலில் பிள்ளையார். இரண்டாவது முருகன், அது ஆரம்பித்தால் கவுண்டர் திறந்துவிட்டது என்று பொருள். மூன்றாவது அம்மன். அது முடிந்ததும் மணி அடித்து விளக்கை அணைப்பார்கள். மாலைக் காட்சிக்கு முதல் பாட்டு 6.05க்கு வரும். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு அந்தத் தியேட்டருக்குப் புதுப்படம் வருவது நின்றது. பழைய படம் போட்டுப் பார்த்தார்கள், கூட்டம் இல்லை. பிறகு 'அந்த மாதிரி' படங்கள் வந்தன. போஸ்டரின் நடுவில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். தெருப் பெண்கள் பேருந்தில் தியேட்டர் பெயரைச் சொல்லி இறங்குவதை நிறுத்தி, 'ரேஷன் கடை' என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் கண்டக்டர்களும் அப்படியே கூவத் தொடங்கினார்கள். பாட்டு மட்டும் மாறவில்லை. அதே மூன்று, அதே வரிசை.

நானும் அங்கே போயிருக்கிறேன். பதினொரு முறை. அந்த நாட்களில் நாட்குறிப்பில் 'நூலகம்' என்று எழுதியிருக்கிறேன். என் நாட்குறிப்பில் அந்தப் பதினொன்றைத் தவிர வேறு பொய் இல்லை என்று 2019 அக்டோபர் வரை சொல்லியிருப்பேன்.

அம்மா எழுமலையிலிருந்து கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள். சாயங்காலமே இரவுச் சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஆறேழு பெண்கள் சேர்ந்து மாலைக் காட்சிக்குப் போவார்கள். படம் மாறினால் போயாக வேண்டும். தியேட்டர் மாறியபின் அம்மா எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள். முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பதினைந்து வருடம் அதன் பெயரை வீட்டில் சொன்னதில்லை.

எழுபத்தாறு வயதில் மறதி வந்தது. கடைசியாக வந்து சேர்ந்ததுதான் முதலில் போகும் என்றார் டாக்டர். அதன்படியே போயிற்று. பேத்தி கல்லூரியில் படிப்பது போயிற்று. அப்பா இறந்தது போயிற்று. தியேட்டர் கெட்டுப்போனதும் போயிற்று.

2019 ஜூன் 12, புதன்கிழமை, மாலை 6.50க்குத் தியேட்டர் மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அம்மா நம்ம தியேட்டர்ல உக்காந்திருக்காக."

"எந்த அம்மா?"

"உங்க அம்மாதாண்ணே. பொம்பளை டிக்கெட் ஒண்ணு குடுன்னு கேட்டாக. கவுண்டர்ல இருக்கிறவன் மெரண்டு போயிட்டான். இல்லேன்னு சொல்ல வாய் வரலண்ணே."

நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். தியேட்டர் வெளியே முப்பது பேருக்கு மேல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதில் ஒரு ஹெல்மெட், "வாங்க சார், நீங்களுமா?" என்றது. என் அலுவலகத்துக் குரல். இன்றுவரை அது யாரென்று எனக்கு நிச்சயமில்லை.

உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. திரையில் புகைபிடிக்கக் கூடாது என்ற சிலைடு மட்டும் நின்றது. இடதுபக்கம், முன்பு பெண்களுக்கு ஒதுக்கியிருந்த பகுதியில், கிழிந்த நாற்காலிகளுக்கு நடுவே அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"பொம்பளைக பக்கம் உனக்கு என்னடா சோலி? அந்தப் பக்கம் போ."

"வீட்டுக்குப் போவோம்மா."

"இன்னும் படமே போடல. பாட்டு முடிஞ்சு இம்புட்டு நேரமாச்சு."

மேனேஜர் என் காதருகே சொன்னார்: "அம்மா உள்ள இருக்கையில நான் எப்படிண்ணே படத்தைப் போடுவேன்? எனக்கும் ஒரு அம்மா இருந்துச்சுல்ல."

மறுநாள் 6.05க்குப் பாட்டுக் கேட்டதும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கதவைப் பூட்டினோம். கதவைத் தட்டித் தட்டி அவள் உள்ளங்கை கன்றிப்போனது. சாப்பிடவில்லை. மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் என் மனைவி என்னைக் கேட்காமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜரிடம் பேசினாள். அவர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு இது: முதல் பாட்டுக்கு அம்மாவும் மனைவியும் உள்ளே போய் உட்கார வேண்டும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் மணி அடிக்கும். மனைவி, "படம் விட்டாச்சு அத்தை, எந்திரிங்க" என்பாள். அம்மா எழுந்துவிடுவாள். இருவரும் தெருவைக் கடந்த பிறகுதான் கவுண்டர் திறக்கும். அதுவரை படம் பார்க்க வந்தவர்கள் எதிரே டீக்கடையில் நிற்பார்கள். மேனேஜர் எங்கிருந்தோ பழைய பெண்கள் டிக்கெட் கட்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தார். ரோஸ் நிறத் தாள். தினமும் ஒன்றைக் கிழித்துப் பாதியை அம்மா கையில் கொடுப்பார்.

அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். மூன்று இட்லி, சில நாள் நான்கு. சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்குப் பார்த்த படத்தின் கதையைச் சொல்வாள்.

"ஒருத்தன் பொண்டாட்டியைத் தேடி ரயில்ல போறான். ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கிப் பாக்குறான். கடைசி ஸ்டேஷன்ல அவதான் டிக்கெட் குடுத்துக்கிட்டு இருக்கா."

"அப்புறம் அத்தை?"

"அப்புறம் என்ன, மணி அடிச்சிட்டான். நீதானே எந்திரிங்கன்னு சொன்ன."

ஒரு நாள் சொன்ன கதையை மறுநாள் சொன்னதில்லை. அவற்றை நான் குறித்து வைக்கவில்லை. மோட்டார் ஓடிய நிமிடங்களைக் குறித்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் என் மகள் போனை என் முன்னால் வைத்தாள். ஒரு வீடியோ. வெள்ளைத் தாள் ஒட்டிய போஸ்டருக்குக் கீழே என் மனைவியும் அம்மாவும் கைபிடித்து வெளியே வருகிறார்கள். அம்மா தலையில் மல்லிகைப்பூ. மேலே எழுதியிருந்தது: 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்'. மகள் அழவில்லை. "கிளாஸ்ல அம்புட்டுப் பேரும் பாத்துட்டாங்கப்பா. நான் இனிமே காலேஜுக்குப் போகல," என்றாள்.

மனைவியிடம் அம்மாவைக் கூட்டிப் போவதை நிறுத்தலாமா என்று கேட்டேன். "அத்தை சாப்புடுறாக, தூங்குறாக. பேசுறவன் எவனாவது வந்து ஊட்டிவிடுவானா?" என்றாள். எனக்கு மனு எழுதத்தான் தெரியும். அலுவலகத்தில் என் வேலையே மனுக்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும்.

நவம்பர் 1 அன்று மாலை, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'பொருள்: ஆபாசத் திரைப்படங்கள் காட்டப்படும் அரங்கில் பக்திப் பாடல்கள் ஒலிபரப்பப்படுவதைத் தடை செய்யக் கோருதல்.' படத்தை நிறுத்தச் சொல்லி இதற்கு முன் நான்கு முறை தெருவில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சாமி பெயரில் கொடுத்தால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாட்டு நின்றால் அம்மாவுக்குத் தியேட்டர் ஞாபகமே வராது என்றும் நினைத்தேன்.

வாத்தியார் படித்துவிட்டு, "நல்ல பாயிண்டு தம்பி. இம்புட்டு நாளா நமக்குத் தோணலையே," என்று முதல் கையெழுத்தைப் போட்டார். ஒரே நாளில் நாற்பத்தொரு கையெழுத்து. அதில் டீக்கடையில் காத்து நிற்கும் இரண்டு பேரும் உண்டு. எழுதியவன் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு விதியை நானே உண்டாக்கிச் சொல்லி, என் கையெழுத்தை விட்டுவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. நாட்குறிப்பில் 'நூலகம்' என்று எழுதினேன். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

நவம்பர் 11 மாலை மேனேஜர் மறுபடியும் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் மனுவின் நகல். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வாரத்துக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

"யாரோ நல்லாப் படிச்சவன் எழுதியிருக்கான்ணே. 'மனம் புண்படும் வகையில்'னு போட்டிருக்கான் பாருங்க. நம்மளுக்கு இதெல்லாம் வராது. மனுன்னா நீங்கதான்னு தெருவே சொல்லுது. ஒரு பதில் எழுதிக் குடுங்க."

"பாட்டு இல்லாமலே ஓட்டலாமே," என்றேன்.

"எனக்கு என்னண்ணே. இங்க வாரவன் பாட்டைக் கேட்டா வாரான்? அம்மாவை நெனச்சுத்தான் கேக்குறேன். பாட்டு இல்லாம அவுக எப்படி வருவாக?"

அப்போதும் நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. "நாளைக்கு எழுதித் தாரேன்" என்று தாளை வாங்கிக்கொண்டேன். அது என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால் ஏழு நாள் இருந்தது. முப்பது வருட வேலையில் ஒரு தாளை நான் ஏழு நாள் கிடப்பில் போட்டதில்லை. மேனேஜர் இரண்டு தடவை பேருந்து நிறுத்தத்தில் கேட்டார். "எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றேன். எட்டாம் நாள் குழாயை இறக்கினார்கள்.

நான் பேருந்திலிருந்து இறங்கியபோது இரண்டு குழாயும் தியேட்டர் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்து, "பரவால்லண்ணே, உங்களுக்கும் வேலை இருக்கும்ல," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய நினைவில்லை. அடுத்த மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லாத் தியேட்டரையும் மூடியபோது அதுவும் மூடியது. திரும்பத் திறக்கவில்லை. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நூற்றிரண்டு நாள் இருந்தாள். வயதுதான் காரணம் என்றார் டாக்டர். எடை எவ்வளவு குறைந்தது என்று வாரா வாரம் குறித்து வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதவில்லை.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 6. அம்மா ஊதாச் சேலை கட்டி, பூ வைத்து, வாசல் பக்கத்து நாற்காலியில் தயாராக இருந்தாள். மடியில் சுருக்குப்பை. 6.05 ஆயிற்று. 6.10 ஆயிற்று. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பாட்டுப் போடல."

மனைவி என்னைப் பார்த்தாள். குழாய் கிடப்பதைச் சொன்னேன். மனு என்று ஒன்று இருந்ததாக மட்டும் சொன்னேன். அவள் போனில் தேடி அதே பிள்ளையார் பாட்டைப் போட்டு அம்மா பக்கத்தில் வைத்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதை அமத்துத்தா. இது கத்துனா தியேட்டர் பாட்டு எப்படிக் காதுல விழும்?"

அமர்த்தினோம். ஏழு மணிக்கு மனைவி இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "படம் பாத்துட்டு வந்து சாப்புடுறேன்." அழைத்துப் போய்த் தியேட்டரைக் காட்டலாம் என்று கையைப் பிடித்தபோது, "பாட்டுப் போடாம கதவைத் திறக்க மாட்டான், தெரியாதா உனக்கு?" என்று உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வரிசை எப்போதும் வரிசைதான். அதை நான் அவளிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கும் அதே பதில். ஒன்பதுக்கும் அதே. சேலையை மாற்றவிடவில்லை. கட்டிலில் படுக்க வைத்தபோது பூவை எடுக்கக் கை வைத்த மனைவியைத் தட்டிவிட்டாள். சுருக்குப்பையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஸ் நிற அரை டிக்கெட்டுகள் இருந்தன. அதைக் கையைவிட்டு விடவில்லை.

மறுநாள் புதன்கிழமை, 5.10க்கு எழுந்தேன். மோட்டாரைப் போடவில்லை. அம்மா விழித்துத்தான் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையில் நசுங்கிப் பழுப்பாகியிருந்த மல்லிகையை முடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். இந்த முறை தடுக்கவில்லை.

"பாட்டுப் போட்டுட்டானா?"

"இல்லம்மா."

"அப்ப நேரமிருக்கு," என்றாள்.