பூங்குழலி பேசிய கேசட்

நாகலட்சுமி கொல்லிமலை அடிவாரத்தில் மஞ்சள் பயிரிடும் குடும்பத்துப் பெண். "பைத்தியத்துகூடப் பேசற வேலை பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்ட பெரியப்பன்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சேலத்தில் மனநல ஆலோசனைப் பயிற்சி முடித்து 1998இல் மலை ஏறினாள். அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய விடுதியில், மனம் நொந்த பிள்ளைகளைப் பேசவைப்பது அவள் வேலை.

அந்த விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்த பூங்குழலிக்குச் சோறு இறங்கவில்லை. முகம் பார்த்துப் பேசவும் வரவில்லை. நாகலட்சுமி ஒரு டேப்ரிக்கார்டரை அவள் மடியில் வைத்தாள்.

"என்னப் பாக்க வேண்டாம் கண்ணு. இதுகிட்டச் சொல்லு. நான் வெளிய நிக்கறேன்."

பல வாரம் கழித்துத்தான் அந்தப் பெட்டி அவள் வாயைத் திறந்தது. தாய்மாமன் சின்னுசாமிக்கு அவளைக் கட்டிவைப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். தனக்குப் படிக்க வேண்டும், மாமனை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது என்று அழுதிருந்தாள். சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள்.

நிறுவனத்தின் மேலாளர் தனசேகரனுக்கு விஷயம் தெரிந்தது.

"வெளிநாட்டுலருந்து பணம் குடுக்கறவங்க வாராங்க. அந்தப் புள்ள அழுவறதப் போட்டுக் காட்டலாம். பேரு சொல்ல மாட்டோம்."

"இந்த மலையில பேரு எதுக்குங்க சார்? குரலே போதும். அது அவளோடதுங்க, தர முடியாது."

ஏழைப் பிள்ளையின் அழுகையை விருந்தாளிக்குப் பரிமாறுவதும் தொண்டாம்! ஆனால் கேசட் இருந்த அலுவலக அலமாரியின் சாவி தனசேகரனிடமும் இருந்தது. பதிவு பிள்ளைக்கே சொந்தம் என்று பயிற்சியில் படித்ததை நம்பி, பொங்கல் விடுமுறைக்குக் கிளம்பிய பூங்குழலியின் கையிலேயே நாகலட்சுமி கேசட்டைக் கொடுத்தாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று அதன்மேல் ஒன்றும் எழுதவில்லை.

கதவுள்ள அறையும் பூட்டுள்ள பெட்டியும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு என்று எண்ணியவர்கள் எழுதிய பாடம் அது. பூங்குழலியின் தகப்பன் கருப்பண்ணனுக்கு ஒற்றை அறை வீடு. அதற்குள் வரும் பொருள் எல்லாருக்கும் பொது.

பொங்கலன்று உறவுக்கூட்டத்தின் நடுவே சின்னுசாமி கேசட்டை எடுத்தான்.

"ஒண்ணும் எழுதக் காணோம், என்ன பாட்டுன்னு கேப்போம்."

"புதுப்படமா இருக்கும், சத்தமா வை மாமா!" என்றான் ஒரு பொடியன். பாட்டுக்குப் பதில், மாமன் வேண்டாம் என்று பூங்குழலி அழுதது வீடு முழுக்கக் கேட்டது.

யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால், பேசியது அவள்தான் என்றாவது ஆகியிருக்கும். "இது எம்புள்ள பேசறதில்ல. ஏதோ புடிச்சிருக்குது" என்றார் கருப்பண்ணன். பேயோட்டப் பூசாரி உடுக்கையோடு வந்தான். எவ்வளவு வசதி! மாப்பிள்ளையை வேண்டாம் என்றது பேய் என்றால், பெண்ணுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

செய்தி கேட்டு நாகலட்சுமி ஓடினாள்.

"ஏனுங்க, பேயி கேசட்டுல பேசுமாங்க? அது உங்க மக குரலுங்க."

"எம்மகளா இருந்தா பெத்தவன் பேச்ச மீறுவாளா டீச்சரு? நீங்க அதக் கெளப்பாம போங்க."

"நீயே சொல்லு கண்ணு."

நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்த பூங்குழலி சுவரைப் பார்த்தாள்.

"நான் பேசலீங்க டீச்சர்."

நாகலட்சுமி போய் முறையிட்ட காவல் நிலையத்திலும் அதையேதான் சொன்னார்கள்: பெண்ணே பேசவில்லை என்கிறது, உங்களுக்கென்னம்மா? தை முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது.

"எங்கிட்டக் குடுத்திருந்தா கேசட்டு இந்நேரம் பத்திரமா இருந்திருக்கும்" என்றார் தனசேகரன். அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் ஒரு வீடு நிறைய இருந்து கேட்டுவிட்டுத்தான் அந்தக் கல்யாணத்தை நடத்தினார்கள்.