பிளட் டெஸ்ட்டை விட்டுவிட்டுப் போன டூல்

1. வேன் எங்கே?

ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மேல்மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருந்தது. சின்ன கிளினிக்குகளுக்கு புரோகிராம் எழுதித் தருவோம். ஒரு நாள் காலை, புது வெர்ஷனை சர்வரில் ஏற்றிய சற்று நேரத்தில், புக்கிட் மேராவில் இருந்த ஒரு டயாலிசிஸ் நிலையத்திலிருந்து புஷ்பா கூப்பிட்டார். நோயாளிகளின் வேன்களைக் கவனிப்பவர் அவர்.

“அண்ணே, பிளட் டெஸ்ட் வேன் ரூட் ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல லா. வயசானவங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ வீல்சேர்ல உக்காந்திருக்காங்க. டிரைவர் யாரைப் போய் ஏத்துவாரு?”

போனை ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ஸ்டெல்லா, எங்களிடம் புதிதாகச் சேர்ந்த டீம் லீட். என்ன கோளாறு, யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த ரூட் கோப்பைத் தன் கணினியில் திறந்து, டிரைவருக்குப் போன் போட்டு, முகவரிகளை நிதானமாக வாசித்தார். அதற்குள் நான் அதைக் கையாலேயே சர்வரில் ஏற்றினேன். தாமதமானாலும் யாரும் விடுபடவில்லை.

பிறகுதான் காரணத்தைத் தேடினோம். ஒரு புராஜெக்ட்டில் இருக்கும் எல்லாக் கோப்புகளும் சர்வருக்குத் தேவைப்படாது. எங்கள் டூல் ஒவ்வொன்றின் பெயரையும் பார்த்து, இது படம், இது செட்டிங், இது டெஸ்ட், இது ஆவணம் என்று வகை பிரிக்கும். டெஸ்ட்டும் ஆவணமும் சர்வருக்குப் போகாது. அந்த வெர்ஷனில் புதிதாகச் சேர்த்த ரூட் கோப்பின் பெயரில் ‘பிளட் டெஸ்ட்’ என்று இருந்தது. புரோகிராமர்கள் சோதித்துப் பார்க்க வைத்த கோப்பு என்று நினைத்து, டூல் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது.

2. காப்பி பண்ண ஒரு டூல்

அந்த டூலை எழுதியவர் எங்கள் முதலாளி மணிவண்ணன். வாடகை சர்வரில் இடம் போதாமல் தவித்த காலத்தில் அது நிறுவனத்தையே காப்பாற்றியது. அதன் பிறகு ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விதி சேர்த்துக்கொண்டே போனோம்.

“பிளட் டெஸ்ட்டுக்கு ஒரு எக்ஸெப்ஷன் போட்டுடலாம்,” என்றார் மணி சார்.

“அடுத்து கண் டெஸ்ட் வரும் சார்,” என்றார் ஸ்டெல்லா. “ஃபைல் என்ன வகைன்னு டூல் ஊகிக்கவே வேணாம். சர்வருக்கு வேணுமா, வேணாமா, அவ்வளவுதான் கேள்வி. எழுதுறவங்களே சொல்லட்டும். ரெண்டு ஃபோல்டர் போதும். ஒண்ணுல இருக்கிறது அப்படியே போகும். இன்னொண்ணுல இருக்கிறது போகாது.”

“அப்புறம் டூல் எதுக்கும்மா?”

“காப்பி பண்றதுக்கு சார்.”

அறையே சிரித்தது. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. மணி சார் முகம் சிவந்தது. ஆனாலும், “ஒரு புராஜெக்ட்ல மட்டும் செஞ்சு காட்டு,” என்றார்.

3. காணாமல் போன தமிழ்

டயாலிசிஸ் புராஜெக்ட்டையே எடுத்துக்கொண்டார் ஸ்டெல்லா. பழைய முறையிலும் புது முறையிலும் தயார் செய்து, இரண்டையும் ஒப்பிட்டார். பழையதில் இன்னொரு கோப்பும் விடுபட்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று நோயாளிகளுக்காக நான் தமிழில் எழுதிய பக்கம் அது. பெயரில் ‘குறிப்பு’ என்று இருந்ததால், ‘ஆவணம்’ என்று டூல் அதையும் நிறுத்திவைத்திருந்தது. தமிழ் கிடைக்காதபோது புரோகிராம் சத்தமில்லாமல் ஆங்கிலத்தைக் காட்டிவிடும். நாங்கள் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்த புஷ்பா, தமிழ் நோயாளிகளுக்கு எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி சார் வந்து திரையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் எழுந்திரும்மா,” என்று ஸ்டெல்லாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். டூலின் நிரலைத் திறந்து, வகை பிரிக்கும் பகுதி முழுவதையும் அவரே அழித்தார். “மத்த புராஜெக்ட்டையும் மாத்தணும். நானும் கூட உட்கார்றேன்.”

சொன்னபடியே உட்கார்ந்தார். ஸ்டெல்லா சொல்லச் சொல்லக் கோப்புகளை நகர்த்தினார். மாற்றி முடித்த வாரத்தில் புஷ்பா கூப்பிட்டார்.

“அண்ணே, ஒரு தாத்தா தமிழ்ல படிச்சிட்டு, ‘இவ்வளவு விஷயம் இருக்கே, நீ பாதிகூட சொல்லல’ன்னு என்னைத் திட்டுறாரு லா!”

கெட்டிக்காரத்தனமாக விதிகளைச் சேர்ப்பவர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். இது வேண்டாம் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒருவர். தான் கட்டியதைத் தன் கையாலேயே இடித்தவர் இன்னொருவர். இருவரையும் ஒரே அறையில் பார்த்தது என் பாக்கியம். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, புதிய விதி ஒன்றை எழுதும் முன், பழையது ஒன்றை அழிக்க முடியுமா என்று பாருங்கள்.